நடுத்துண்டு யாருக்கு?

பாம்பு திங்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டு நமக்குன்னு ஒரு பழமொழி இருக்குல்ல, அத எத்தன பேருக்கு எடுத்து விட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. புது வேலைக்குப் போறவங்க, வெளிநாடு கெளம்புறவங்க, யாரு வந்து புலம்புனாலும் இதச் சொல்லி அனுப்பிருவேன். சொல்றவனுக்கு என்ன, நோகவா போகுது. போன மாசம் ஒரு மதியம் மூணு மணி வாக்குல அந்த நடுத்துண்டு நேரா என் டேபிளுக்கே வந்துருச்சு. பாம்பு இல்ல, பொரிச்ச சுவர்க்கோழி, அதான் ராத்திரில விடாம கத்துமே அந்தப் பூச்சி.

என் டீம்ல வேற நாட்டுலேர்ந்து வந்த ஒரு பொண்ணு இருக்கா. எந்த நாடுன்னு சொல்லப் போறதில்ல, சொன்னா அந்த நாட்டுக்காரங்க மொத்தப் பேருக்கும் சேத்து நீங்க ஒரு முத்திரை குத்திருவீங்க, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். லீவுக்கு வீட்டுக்குப் போயிட்டு வந்தா, எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தா, எனக்கு மட்டும் சின்னதா ஒரு பாக்கெட். "நீதான எதையும் ட்ரை பண்ணுவேன்னு சொல்லிட்டுத் திரியுற"ன்னு வெச்சிட்டுப் போயிட்டா. என் வாய் அப்படி.

பாக்கெட்டப் பிரிச்சா உப்பும் மிளகாத்தூளும் போட்டு வறுத்த ஒரு வாசனை, நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள பாத்ததும்தான் வயித்துல என்னமோ பெரண்டுச்சு. முழுசா முழுசா கெடக்கு. கண்ணு ரெண்டும் கடுகு மாதிரி, மீச ஒடஞ்சு மொளகாத்தூள்ல ஒட்டிக்கிட்டு, பின்னங்காலு ரம்பம் மாதிரி பல்லு பல்லா. பேர்லயே கோழி இருக்கேன்னு மனசத் தேத்திக்கிட்டு ஒண்ண எடுத்து வாயில போட்டேன். மொறுமொறுன்னு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி ஒரு லேசு, கொஞ்சம் வறுத்த பருப்பு வாட, அவ்ளோதான். கண்ண மூடிக்கிட்டு குடுத்திருந்தா இன்னொரு கைப்பிடி கேட்டிருப்பேன். நாக்கு பாஸ் போட்டுருச்சு, தொண்டைதான் கையெழுத்துப் போடல. தண்ணி குடிச்சு ஒரு வழியா எறக்குனேன், ஆனா ஒரு காலு கடவாப்பல்லு இடுக்குல மாட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நாக்கால தொழாவிக்கிட்டே இருந்தேன், மீட்டிங்ல ஒரு வார்த்த காதுல ஏறல.

அன்னைக்கு நைட்டு தூக்கம் வராம யோசிச்சதத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒரு அசிங்கத்த ஒத்துக்கணும். இதே பொண்ணு ஒரு வருஷம் முன்னாடி பேன்ட்ரில மைக்ரோவேவ்ல ஏதோ புளிக்க வெச்ச மீன் போட்ட சாப்பாட்ட சூடு பண்ணா. அந்த வாட ஏசி வழியா மாடி முழுக்க சுத்திருச்சு. நாங்க நாலஞ்சு பேரு ஜன்னலத் தொறந்து, மூக்கப் பொத்தி, ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சு பெரிய ட்ராமாவே போட்டோம். மறுநாளு 'கடும் வாடை வரும் உணவுகளைத் தவிர்க்கவும்'னு பொதுவா ஒரு மெயில் வந்துச்சு. பேரு போடல, ஆனா யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நான் அதுக்குக் கட்டைவிரல் வேற போட்டேன். அதுக்கப்புறம் அவ மதியத்துக்கு ரெண்டு துண்டு ரொட்டியும் ஒரு ஆப்பிளுமா கொண்டு வந்து சீட்லயே உக்காந்து சாப்பிட்டா. அத நான் கவனிக்கவே இல்ல, சுவர்க்கோழி காலு பல்லுல மாட்டுனப்பதான் திடீர்னு ஞாபகம் வருது.

'நாத்தம்'ங்கற வார்த்தையவே எடுத்துக்கங்களேன். பழைய தமிழ்ல நாற்றம்னா வெறும் மணம்தான், பூவுக்கும் நாற்றம் உண்டு. இப்ப யாராச்சும் வீட்டுக்கு வந்து உங்க சமையல் நல்லா நாறுதுன்னு சொன்னா சோறு கெடைக்குமா? வார்த்தையே கட்சி மாறிருச்சு. மூக்கு என்னமோ அதே மூக்குதான், எது வாசன எது நாத்தம்னு உள்ள உக்காந்து தீர்ப்பு சொல்றவன் வேற ஆளு.

அந்தத் தீர்ப்பு எல்லா எடத்துலயும் ஒண்ணு இல்லங்கறதுக்கு அவளே சாட்சி. பாக்கெட் விவகாரத்துக்கு மறுநாளு நான் காலு மாட்டுன கதையச் சொல்லி வழிஞ்சேன். அவ சிரிச்சிட்டு கேட்டா, "போன வாரம் பார்ட்டில நீ நீலநீலமா பூஞ்ச புடிச்ச சீஸ ஸ்பூன் போட்டு சாப்பிட்டியே, அத எப்படி முழுங்குன? நான் பாத்ரூம் பக்கம் போயிட்டேன் தெரியுமா?" அவ பார்வைல பாத்தா நியாயம்தான். ஒரு மிருகம் தன் குட்டிக்குன்னு சுரக்குற பால நாம கறந்து, அதக் கெட வெச்சு, கட்டியாக்கி, மாசக்கணக்குல பூஞ்ச புடிக்க விட்டு, அதுக்குக் காசும் குடுத்துத் திங்கிறோம். உலகத்துல பெரியவங்கள்ல ஏறக்கொறைய மூணுல ரெண்டு பேருக்கு பால்ல இருக்குற சர்க்கரைய சரியா ஜீரணிக்கிற சக்தி சின்ன வயசோட கொறஞ்சிருது, அப்ப பால் குடிக்காதவங்கதான் மெஜாரிட்டியா இருக்கணும், நாமதான் அதிசயப் பிறவிங்க. தேன் சங்கதி இன்னும் மோசம், பூவுலேர்ந்து உறிஞ்சுனத தேனீ வயித்துப் பையில சுமந்துட்டு வந்து கக்கி, அத இன்னொரு தேனீ வாங்கிக் கக்கி... சரி விடுங்க, நாளைக்கு நீங்க தேன் சாப்பிடணும்.

பூச்சின்னா ச்சீன்னு சொல்ற நமக்கு எறான்னா எச்சி ஊறும். எறாவும் நண்டும் சுவர்க்கோழியும் ஒரே பெரிய குடும்பம், ஓடு, மடங்குற காலு, மீச எல்லாம் ஒண்ணுதான். எறா அலர்ஜி இருக்குறவங்களுக்குப் பூச்சி சாப்பிட்டாலும் அலர்ஜி வரலாம்னு பாக்கெட்லயே எச்சரிக்க போட்டிருந்துச்சு. உடம்புக்குத் தெரிஞ்ச சொந்தம் மனசுக்குத் தெரியல. ஐக்கிய நாடுகளோட உணவு வேளாண் அமைப்பு 2013ல போட்ட அறிக்கைல குறைஞ்சது 200 கோடிப் பேரோட பாரம்பரிய சாப்பாட்டுல பூச்சி இருக்கு, 1,900 வகைக்கு மேல சாப்பிடப்படுதுன்னு சொல்லிருக்கு. அப்பறம் பாக்கெட்ல E120ன்னு நம்பர் போட்டிருக்குற செவப்புக் கலர் இருக்கு பாருங்க, அது கள்ளிச்செடில வாழுற ஒரு சின்னப் பூச்சியக் காயவெச்சு நசுக்கி எடுக்குறது. மிட்டாய் பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க, இல்ல வேணாம், பாக்காதீங்க.

இந்த அருவருப்பு பொறக்கும்போதே வர்றதான்னு பாத்தா, இல்ல. கசப்ப வெச்சா கைக்குழந்த துப்பும், அது வேற. ஆனா ஒரு வயசுக் குழந்தைய தரையில விட்டுப் பாருங்க, எறும்பு, மண்ணு, செருப்பு வாரு, எது கெடச்சாலும் வாய்க்குத்தான் போகும். நாமதான் ஓடிப்போய் வெரல விட்டுத் தோண்டி "ச்சீ, அய்யே, கக்கா"ன்னு மூஞ்சிய அஷ்டகோணலாக்கிக் காட்டுறோம். அந்த மூஞ்சிதான் பாடம். பால் ரோசின்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் காலம் பூரா இதத்தான் ஆராய்ஞ்சாரு. வேர்க்கடல வெண்ணையும் நாத்தம் புடிச்ச சீஸும் சேத்து நாய் கழிச்சது மாதிரியே உருட்டி வெச்சு சின்னக் குழந்தைங்களுக்குக் குடுத்திருக்காங்க (விஞ்ஞானிங்க வீட்டுல யாரு பொண்ணு குடுத்தாங்களோ). ரெண்டு, ரெண்டரை வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல அதத் தின்னுருச்சுங்க. பெரியவங்களுக்கு வேற சோதனை: கிருமி சுத்தமா நீக்குன செத்த கரப்பான ஜூஸ்ல ஒரு முக்கு முக்கி எடுத்துட்டு குடிங்கன்னாரு. ஒரு கிருமியும் இல்லன்னு அறிவுக்குத் தெரியும், ஆனா குடிக்கப் புடிக்கல. எனக்கும் புடிக்காது. இதுக்கு லேப் எல்லாம் வேணாம், நாள் முழுக்க நம்ம எச்சிய நாமதான முழுங்குறோம், அதே எச்சிய ஒரு டம்ளர்ல துப்பிட்டுத் திரும்பக் குடின்னா? படிக்கும்போதே மூஞ்சி சுருங்குதுல்ல, அதேதான்.

சரி, இதுக்கெல்லாம் காரணம் இருக்கும்ல, முன்னோர்கள் சும்மாவா சொன்னாங்கன்னு ஒரு கூட்டம் வரும். எனக்கும் அந்த ஆச உண்டு. பன்னிய எடுத்துக்குவோம். யூதர்களும் முஸ்லிம்களும் ஏன் சாப்பிடுறதில்லன்னு கேட்டா பாதிப் பேரு அதுல புழு இருக்கும், நோய் வரும், அதான்னு சட்டுனு சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கு, ஆனா தசைல இருக்குற அந்தப் புழுவக் கண்டுபுடிச்சதே 1835லதான், தடை வந்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. மாட்டு எறச்சி, ஆட்டு எறச்சிலயும்தான் நோய் வரும், அதுக்கு ஏன் தடை இல்ல?

மார்வின் ஹாரிஸ்னு ஒரு மானிடவியல்காரர், அவரு எல்லாத்தையும் வயித்துக் கணக்குலதான் பாப்பாரு. வறண்ட பாலைவன நாட்டுல பன்னிக்கு நெழலும் தண்ணியும் வேணும், அது புல்லத் தின்னு பொழைக்காது, மனுஷன் திங்கிறதுக்கே போட்டி போடும், பால் தராது, ஏர் இழுக்காது, வளக்குறது நஷ்டம், அதான் மதத்துல தடையா ஏத்திட்டாங்கன்னாரு. மேரி டக்ளஸ்னு இன்னொரு மானிடவியல்காரம்மா 1966ல வேற மாதிரி சொன்னாங்க. பைபிள் பழைய ஏற்பாட்டுல வர்ற லேவியராகமத்துல, கால் கொளம்பு பிளந்து, அசை போடுற மிருகம்தான் ஆகும்னு சட்டம். பன்னிக்கு கொளம்பு பிளந்திருக்கு, அசை போடாது. ஒட்டகம் அசை போடும், கொளம்பு கணக்குல வராது. தண்ணில இருந்தா செதிலும் துடுப்பும் இருக்கணும், இல்லாதது ஆகாது. அதாவது எந்தப் பெட்டிலயும் ஒழுங்கா அடங்காததுதான் அசுத்தம், கிருமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. எனக்கு அந்தம்மா சொல்றது பாதி பிடிச்சிருக்கு, ஏன்னா அதே லேவியராகமம் சில வெட்டுக்கிளிங்களச் சாப்பிடலாம்னு தெளிவா அனுமதி குடுக்குது, தாவுறதுக்குக் காலு இருக்கே, அந்தப் பெட்டில அடங்கிருச்சு. என் சுவர்க்கோழிக்கும் அதே லிஸ்ட்ல எடம் இருக்குன்னு சிலர் சொல்றாங்க. ஆனா அந்தம்மாவே பின்னாடி தன் கருத்த மாத்திக்கிட்டாங்க, அதனால நான் ரெண்டு பேரு பின்னாலயும் போகல. எனக்குப் படுறது, காரணம் எதுவா வேணா இருந்திருக்கட்டும், அது செத்துப் பல நூறு வருஷம் கழிச்சும் அந்த 'ச்சீ' மட்டும் உயிரோட இருக்கு, நாம அதுக்கு அப்பப்ப புதுசு புதுசா காரணச் சட்டை தச்சு மாட்டி விடுறோம்.

இதுக்கு குதிரை கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம். ஐரோப்பால வடக்குப் பக்கத்து ஆளுங்க பழைய சாமிகளுக்குக் குதிரைய பலி குடுத்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. 732ல போப் மூணாம் கிரிகோரி, ஜெர்மனில மதம் பரப்பிட்டிருந்த போனிஃபேஸுக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு, இந்தக் குதிரை திங்கிற அருவருப்பான பழக்கத்த நிறுத்துன்னு. பிரச்சனை கறி இல்ல, பழைய சாமி. கி.பி. 1000 வாக்குல ஐஸ்லாந்து மொத்தமா மதம் மாறுறப்ப அவங்க பேரம் பேசிருக்காங்க, சரி மாறுறோம், ஆனா குதிரைக்கறி சாப்பிட எங்கள விட்டுருங்கன்னு! ஆரம்பத்துல ஒத்துக்கிட்டாங்க, கொஞ்ச வருஷத்துல அந்தச் சலுகையையும் எடுத்துட்டாங்க, ஆனாலும் இன்னைக்கும் அங்க குதிரைக்கறி கெடைக்குது. ஃபிரான்ஸ்ல 1866ல குதிரைக்கறிக் கடைய சட்டப்படி தொறக்க விட்டாங்க, ஏழைங்களுக்கு மலிவா கறி கெடைக்கட்டும்னு. நாலு வருஷத்துல பாரிஸ பிரஷ்யப் படை முற்றுகை போட்டப்ப குதிரை, நாய், பூனை, எலின்னு போயி கடைசில மிருகக்காட்சி சாலைல இருந்த காஸ்டர், பொல்லக்ஸ்ங்கற ரெண்டு யானையையும் அடிச்சு சாப்பிட்டாங்க. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சொல்றதுல இதையும் ஒண்ணா சேத்துக்கலாம்.

ஆனா பக்கத்துலயே இருக்குற பிரிட்டன், அயர்லாந்துக்காரங்களுக்கு அந்தக் குதிரை எறங்கவே இல்ல. 2013 ஜனவரில மாட்டுக்கறி பர்கர்ல குதிரையோட டிஎன்ஏ இருக்குன்னு அயர்லாந்து உணவுத் துறை டெஸ்ட்ல வெளிய வந்ததும் ஐரோப்பா பூரா கொந்தளிப்பு. ஏமாத்தி வித்தது தப்புதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பேசுன பேச்சப் பாத்தா ஏமாத்துனத விட குதிரைங்கறதுதான் வயித்தக் கலக்கிருக்கு. சாப்பிடும்போது நல்லாருக்குன்னு சாப்பிட்டவங்கதான், பேரு தெரிஞ்சதும் குமட்டிருச்சு. கறி மாறல, லேபிள் மாறிருச்சு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் எழுதுன லெட்டருக்கு அதுல எவ்வளவு பங்கு, குதிரைக்குப் பேரு வெச்சு வளத்ததுக்கு எவ்வளவு பங்குன்னு யாரு அளந்து சொல்றது.

பேரு வெக்கிறதுன்னதும் கொரியா ஞாபகம் வருது. தென் கொரியால நாய்க்கறி வியாபாரத்துக்குத் தடை போட்டு 2024 ஜனவரில சட்டம் பாஸ் பண்ணாங்க, 2027லேர்ந்து அமலாகுது. தாத்தா தலைமுறைக்கு அது சாப்பாடு, பேரப் பிள்ளைங்களுக்கு அது மடியில தூங்குற ஜீவன். ஜப்பான் இதுக்கு நேர் உல்டா, 675ல தென்மு சக்ரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழியெல்லாம் வருஷத்துல பாதி நாளு சாப்பிடக்கூடாதுன்னு ஆணை போட்டு, அப்பறம் அந்த மாதிரி தடைங்க விட்டு விட்டு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஓடி, 1872ல மெய்ஜி சக்ரவர்த்தி ஊரறிய மாட்டுக்கறி சாப்பிட்டு அதையே நாகரிகம்னு ஆக்கிட்டாரு. ஆக, சாமி சொன்னதுன்னு நெனைக்கிறதுல பாதி ராஜா சொன்னது. சட்டத்துல சந்து கண்டுபுடிக்கிறதும் மனுஷ வேலதான். வெனிசுவேலால ஈஸ்டருக்கு முந்தி கறி ஆகாத தவக்காலத்துல கேப்பிபாரான்னு ஒரு பெரிய எலிச் சொந்தத்த மீன் கணக்குல சேத்து சாப்பிடுவாங்க. தண்ணில நீந்துதுல்ல, அப்ப மீன்தான். செதில் எங்கன்னு கேக்கக்கூடாது.

ஹெரோடோட்டஸ்னு கிரேக்க வரலாத்து ஆசிரியர் ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தியே ஒரு கதை சொல்லிருக்காரு. பாரசீக ராஜா டேரியஸ், சபைல இருந்த கிரேக்கர்களக் கூப்பிட்டு, எவ்ளோ பணம் குடுத்தா செத்த அப்பாவச் சாப்பிடுவீங்கன்னு கேட்டாராம். எவ்ளோ குடுத்தாலும் முடியாதுன்னாங்க. அடுத்து, அப்பா அம்மா செத்தா சாப்பிடுற ஒரு கூட்டத்தக் கூப்பிட்டு, கிரேக்கர்கள் மாதிரி அப்பாவ எரிக்க எவ்ளோ வேணும்னாரு. அவங்க காதப் பொத்தாத குறையா, அந்த மாதிரி பேச்சே பேசாதீங்கன்னு அலறிட்டாங்களாம். நடந்துச்சோ இல்லையோ, ரெண்டு பக்கமும் அலறுனதுதான் எனக்கு மனசுல நிக்குது. ரெண்டு பேரும் அப்பா மேல பாசமாத்தான் இருந்திருக்காங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிக்கிறேன், எல்லாரும் எல்லாத்தையும் திங்கணும்னு நான் பிரச்சாரம் பண்ண வரல. ஒருத்தர் சாப்பிட மாட்டேன்னா அது அவரு உடம்பு, அவரு நம்பிக்க, தட்டுல ஒளிச்சு வெச்சு ஊட்டுறவன மன்னிக்கவே கூடாது. என் கோவம் எம்மேலதான். எனக்கு வேணாம்னு சொல்றதுக்கும், அது சாப்பாடே இல்ல, அதத் திங்கிறது ஒரு பொழப்பான்னு மூக்கப் பொத்திக் காட்டுறதுக்கும் நடுவுல இருக்குற தூரம் அன்னைக்கு எனக்குத் தெரியல. இங்கிலீஷ்காரங்க ஃபிரெஞ்சுக்காரங்களத் தவளைன்னே பட்டப்பேரு வெச்சுக் கூப்பிட்டாங்க. ஒருத்தன மட்டம் தட்டணும்னா மொத வேலையா அவன் தட்டத்தான் எட்டிப் பாக்குறோம்.

அடுத்த வாரம் நான் ஒரு சின்ன துண்டு நீல சீஸ் கொண்டு போனேன். ஒண்ணுக்கு ஒண்ணு, அதான் டீல். அவ மோந்து பாத்தா, கண்ணு கலங்குச்சு, மூக்கப் புடிச்சிக்கிட்டு நுனி நாக்குல வெச்சா, உடனே டிஷ்யூ. நான் என் பங்குக்கு ரெண்டாவது சுவர்க்கோழிய காலப் பிச்சு எறிஞ்சிட்டுப் போட்டேன். "காலு எடுத்தா கள்ளாட்டம்"ன்னா. அந்த மெயில் வந்தப்ப நானும் சேந்துதான் சிரிச்சேன்னு அவகிட்டச் சொன்னேன். தெரியும்னு சொன்னா. அவ்ளோதான், அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அந்த மீன இனிமே கொண்டு வா, நான் பாத்துக்கறேன்னு பெரிய மனுஷத்தனமா சொல்லிப் பாத்தேன், அதுக்கு, "சூடு பண்ணாம சாப்பிட்டா அது நல்லாவே இருக்காது, வேணும்னா வீட்டுக்கு வா"ன்னா.

ஞாயித்துக்கிழமை போறேன். அந்தப் பழமொழில நடுத்துண்டு நமக்குன்னுதான் இருக்கு, நமக்கு எறங்குச்சான்னு இல்ல. டிராயர்ல பாக்கெட் இன்னும் இருக்கு, உள்ள எட்டு.